வார்டுக்குள் நுழையுமுன்

தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூர் முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் இன்று செவிலியர் கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் இருக்கின்றனர். தமிழ்நாட்டிலிருந்து தனியே வந்து, விடுதியில் தங்கிப் பயில்வோரும் உண்டு. கல்லூரியில் இடம் கிடைத்த மகிழ்ச்சி ஆறுவதற்கு முன்பே அவர்கள் கையில் ஒரு தாள் வந்து சேர்கிறது. ஹெபடைடிஸ்-பி என்னும் ஈரல் நோய்க்கு மூன்று ஊசியும் போட்டாயிற்றா, டெட்டனஸ் என்னும் இசிவு நோய்க்குத் தடுப்பூசி உண்டா, தட்டம்மையும் சின்னம்மையும் முன்பு கண்டதுண்டா, மார்பு எக்ஸ்-ரே எடுத்தாயிற்றா என்று அத்தாள் வரிசையாக வினவுகிறது. கல்லூரிக்குக் கல்லூரி இப்பட்டியல் சிறிது வேறுபடலாம். ஆனால் கேள்வியின் போக்கு ஒன்றே. ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் ஒப்பம் வேண்டும். ஒப்பம் இல்லையேல் வார்டுக்குள் அனுமதி இல்லை. வார்டில் நில்லாத நாள்களோ பயிற்சிக் கணக்கில் சேரா.

இத்தாளைக் கண்டு சலித்துக்கொள்வது இயல்பே. மூன்று ஊசிக்கும் முதல் நாளிலிருந்து ஆறு மாதம் ஆகிறது. ஊரில் பிறந்தபோது போட்ட ஊசியின் அட்டை எந்தப் பெட்டியின் அடியில் கிடக்கிறதோ, தெரியாது. செலவும் உண்டு. 'நல்ல உடம்போடு படிக்கப் போன பெண்ணை நோயாளியைப்போல் சோதிப்பானேன்?' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கின்றனர். அக்கேள்வி தள்ளத் தக்கதன்று. ஆயினும் அதற்கு விடை மருத்துவ நூலில் மட்டும் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. அந்தத் தாளின் ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு வார்டில், யாரோ சிலர் நோயுற்று மடிந்த பின்னரே எழுதப்பட்டது. அவ்வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், அத்தாள் யார் யாருக்குச் செலுத்த வேண்டிய கடனைக் குறிக்கிறது என்பது விளங்கும்.

முதலில் சொற்களைக் காண்போம். இந்தியிலும் வங்க மொழியிலும் தடுப்பூசிக்கு 'டீகா' என்பது பெயர். நெற்றியில் இடும் திலகத்திற்கும் இந்தியில் அதே சொல்தான் வழங்குகிறது. மராத்தியர் 'லஸ்' என்பர். நம் பாட்டிமார் 'அம்மை குத்துதல்' என்றனர். குத்திய மருந்தை 'அம்மைப்பால்' என்றனர். 'வாக்ஸின்' என்ற சொல் பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. மாட்டம்மைப் பாலைக் கொண்டு மனிதரின் பெரியம்மையைத் தடுத்ததால் வந்த பெயர் அது. 'இம்யூனிட்டி' என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. பண்டை ரோமாபுரியில் வரியிலிருந்தும் பொதுப் பணியிலிருந்தும் சிலருக்கு அளித்த விலக்கே அச்சொல்லின் முதற்பொருள். அதனை நாம் 'நோய் எதிர்ப்பாற்றல்' என்று பெயர்த்துக்கொண்டோம். விலக்கு என்னும் பொருள் மொழிபெயர்ப்பில் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததும் நன்றே. செவிலியின் எதிர்ப்பாற்றல் அவளைப் பணியிலிருந்து விலக்குவதன்று. பணிக்குள் அவளைப் புகவிடுவது.

ஒருமுறை கண்ட நோய் மறுமுறை அதே ஆளைத் தாக்குவது அரிது என்பதை மக்கள் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டறிந்தனர். கிறித்து பிறப்பதற்கு 430 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. அதனைத் தாமே அனுபவித்து எழுதிய துசிடிடீஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர், நோயுற்று மீண்டவர்களே பிறரை அஞ்சாமல் பேணினர் என்று குறித்திருக்கிறார். அக்காலத்தில் செவிலிக்கு வேண்டிய தகுதிச் சான்று அதுவே. நோய்க்குத் தப்பிப் பிழைத்த உடல்தான் அவளுடைய சீட்டு. அச்சீட்டைப் பெறுவதற்கு உயிரையே பந்தயம் வைக்க வேண்டியிருந்தது என்பதுதான் அதன் குறை.

பந்தயத்தைச் சிறிது பாதுகாப்பானதாக்க முயன்றவர்கள் வங்காளத்திலும் காசியிலும் ஊர் ஊராகச் சென்ற டீகாதார்கள். பெரியம்மைக் கொப்புளத்தின் சீழைச் சிறிதளவு எடுத்து நலமாயிருப்பவர் கையில் கீறி ஏற்றினர். பெரும்பாலோர்க்கு இலேசாக அம்மை கண்டு ஆறும். ஆனால் சிலர் இறந்தனர், அவர்களிடமிருந்து மற்றவர்க்கும் நோய் பரவிற்று. இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் 1796-ஆம் ஆண்டில் மாட்டம்மைப் பாலைப் பயன்படுத்திக் காட்டியபின் இவ்வபாயம் பெரிதும் குறைந்தது. 1802-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு அம்மைப்பால் குத்தினர். பாக்தாது, பாஸ்ரா வழியாக வந்த அந்தப் பால், ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாற்றப்பட்டு, இந்நாட்டின் பிற பகுதிகளுக்கும் சென்றது. குளிர்ப்பெட்டி இல்லாத அக்காலத்தில் மனித உடலே மருந்தைச் சுமக்கும் கலமாயிற்று.

அடுத்த ஆண்டில் இன்னொரு பயணம் நிகழ்ந்தது. ஸ்பெயின் நாட்டு மன்னர் தம் ஆட்சிக்குட்பட்ட அமெரிக்க நாடுகளுக்கு அம்மைப்பாலை அனுப்ப விரும்பினார். 1803-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் லா கொருன்யா துறைமுகத்திலிருந்து பால்மிஸ் என்ற மருத்துவர் தலைமையில் கப்பல் புறப்பட்டது. அதில் அநாதைச் சிறுவர் 22 பேர் இருந்தனர். நடுக்கடலில் பால் கெடாமலிருக்க, அச்சிறுவர்க்கு ஒருவர்பின் ஒருவராக அதனை ஏற்றினர். சிறுவர்களைப் பேணியவர் அநாதை இல்லத்தின் தலைவியான இசபெல் செந்தால் அம்மையார். தடுப்பூசி உலகைச் சுற்றிய முதற்பெரும் பயணத்திலேயே ஒரு பெண்ணின் பணிவிடை இவ்வாறு உடனிருந்தது. அச்சிறுவர்களின் இசைவை எவரும் கேட்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. பொதுநன்மைக்காக ஓர் இளம் உடலின்மீது ஏற்றும் சுமை, அவ்வுடலுக்கு உரியவரை எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற நெறி மெல்லவே வளர்ந்தது.

இனி மருத்துவமனைக்குள் செல்வோம். லண்டனில் பெரியம்மைக்கென்றே ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கே பல்லாண்டு பணிபுரிந்த மார்சன் என்ற மருத்துவர், பணிக்கு வரும் செவிலியர்க்கும் ஏவலாளர்க்கும் முன்பே அம்மை குத்தியிருந்தாலும் மறுபடியும் குத்திய பிறகே வார்டுக்குள் அனுப்பினார். நாள்தோறும் பெரியம்மை நோயாளிகளைத் தொட்டுத் தூக்கிய அவர்களுள் ஒருவருக்கும் அந்நோய் வரவில்லை என்று, முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தம் அனுபவத்தை 1871-ஆம் ஆண்டில் நாடாளுமன்றக் குழுவின்முன் அவர் எடுத்துரைத்தார். அம்மை குத்துதலைப் பற்றி அந்நாட்டில் அப்போது பெரும் பூசல் நடந்துகொண்டிருந்தது. கட்டாயச் சட்டத்தை எதிர்த்து ஊர்வலங்கள் சென்றன. இறுதியில், மனச்சான்றின்படி மறுப்போர்க்கு 1898-இல் சட்டமே விலக்கு அளித்தது. அத்தனை வாதத்திற்கும் நடுவே, பெரியம்மை வார்டில் நின்ற செவிலியரின் கை அசையாத சான்றாக விளங்கிற்று. பணியில் சேருமுன் தடுப்பு என்ற விதிக்கு வித்து அங்கேதான் ஊன்றப்பட்டது.

நம் நாட்டில் செவிலியர் பயிற்சி 1871-இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் தொடங்கியதாகக் கூறுவர். அடுத்த கால் நூற்றாண்டுக்குள் நாட்டைப் பெருஞ்சோதனை ஒன்று பற்றியது. 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் தோன்றியது. ஹாவ்கின் என்ற அறிஞர் அங்குள்ள கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் இரவு பகலாக உழைத்துத் தடுப்பு மருந்து ஒன்றை உருவாக்கினார். 1897-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் அதனை முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். அதே ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் பூனாவில் சாவித்திரிபாய் பூலே அம்மையார் மறைந்தார். பெண் கல்விக்காகத் தம் வாழ்நாளை ஈந்த அவர், வளர்ப்பு மகன் யசுவந்தராவ் நடத்திய மருத்துவ நிலையத்தில் பிளேக் நோயாளிகளைப் பேணி வந்தார். நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தம் முதுகிலேயே சுமந்து வந்தார் என்றும், அந்நோயே அவரையும் பற்றிக்கொண்டது என்றும் கூறுவர். இந்த இரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே இரண்டே மாதங்கள். மருந்து பம்பாயில் பிறந்துவிட்டது; பூனாவில் நோயாளியின் பக்கத்தில் நின்ற அந்தக் கைகளுக்கு அது காவலாகவில்லை. பணிவிடை செய்வோரை முதலில் காக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று ஆட்சியின் ஒழுங்காக இன்னும் உருவாகவில்லை.

தடுப்பு மருந்தைப் பற்றிய அச்சத்திற்கும் காரணம் இல்லாமலில்லை. 1902-ஆம் ஆண்டில் பஞ்சாபில் முல்கோவால் என்ற ஊரில், ஒரே புட்டியிலிருந்து பிளேக் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் இசிவு நோயால் இறந்தனர். பழி ஹாவ்கின்மீது விழுந்தது. புட்டியைத் திறந்தபோது நேர்ந்த தூய்மைக் கேடே காரணமாகலாம் என்று அறிஞர் பலர் வாதாடியபின், 1907-இல் அவர் பழியினின்று நீங்கினார். அவர் தொடங்கிய ஆய்வுக்கூடம் 1925 முதல் அவர் பெயராலேயே மும்பையில் வழங்குகிறது. ஊசியைக் கட்டாயம் என்று விதிப்பவர், அந்த ஊசி தூயது என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே முல்கோவால் புகட்டிய பாடம்.

இப்போது நாம் கூறவந்த வரலாற்றின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம். அது நார்வே நாட்டில், ஆஸ்லோ நகரின் உல்லேவோல் மருத்துவமனையில் நிகழ்ந்தது. செவிலியர் பயிற்சி மாணவியர் பலர் அங்கே காச நோய்க்கு இரையாயினர். பத்தொன்பது, இருபது வயதில் உரமான உடலோடு வந்த பெண்கள் ஓரிரு ஆண்டுகளில் இருமிப் படுத்தனர். குழந்தைப் பருவத்தில் உட்புகுந்து உறங்கிக் கிடந்த கிருமியே உழைப்பின் களைப்பால் விழித்தெழுகிறது என்பது அக்கால மருத்துவர் பலரின் கருத்து. ஆகவே, முன்பு காசக் கிருமி அண்டாத பெண்ணே வலியவள், அவளுக்கு அச்சமில்லை என்று எண்ணினர்.

யோஹன்னஸ் ஹைம்பெக் என்ற மருத்துவர் 1924 முதல், பயிற்சிக்குச் சேரும் மாணவியர் ஒவ்வொருவருக்கும் டியூபர்குலின் சோதனை செய்தார். கிருமி முன்பே உட்புகுந்திருந்தால் தோலில் சோதனை செய்த இடம் தடித்துச் சிவக்கும். புகாதிருந்தால் மாற்றம் இராது. வந்தவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தோல் சிவக்கவில்லை. அவர்கள் கிருமியையே அறியாதவர்கள். ஹைம்பெக் இரு பிரிவினரையும் ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார். கிடைத்த முடிவு எவரும் எதிர்பாராதது. முன்பே கிருமியைக் கண்டவர்களுள் நோயுற்றோர் மிகச் சிலர். கிருமி அண்டாத, 'வலியவர்' என்று கருதப்பட்ட பெண்களே கூட்டங்கூட்டமாக நோயுற்றனர். பயிற்சி முடியும் தறுவாயில் அவர்களுள் ஏறத்தாழ எல்லோருக்கும் தோல் சிவந்தது. கிருமி அவர்கள் வீட்டிலிருந்து வரவில்லை, வார்டிலிருந்துதான் வந்தது.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். அதுவரையில் ஒரு மாணவி நோயுற்றால், குறை அவள் உடலில் என்றனர். அவள் குடும்பத்தில் என்றனர். அவள் உணவிலும் உறக்கத்திலும் என்றனர். ஹைம்பெக்கின் கணக்கு அப்பேச்சை நிறுத்திற்று. நோயைக் கொடுத்தது மருத்துவமனை. அப்படியானால் காக்கும் கடமையும் மருத்துவமனையினுடையதே. பிரான்சு நாட்டில் கால்மெட், கெரென் என்ற இருவர் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்து உருவாக்கி, 1921-இல் முதன்முதலாகக் குழந்தைக்கு அளித்த பி.சி.ஜி. மருந்தை, தோல் சிவக்காத மாணவியர்க்கு அவர் போடத் தொடங்கினார். போட்டுக்கொண்டவரிடையே நோய் வெகுவாகக் குறைந்தது. 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் பி.சி.ஜி. மருந்தோடு உயிர்க்கொல்லிக் கிருமி கலந்துபோய் எழுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மடிந்தபோது உலகமே இம்மருந்தைக் கண்டு அஞ்சியது. ஆயினும் நார்வே மாணவியரின் கணக்கு நின்று நிலைத்தது. இங்கிலாந்தில் செவிலியரையும் பிற இளைஞரையும் ஆராய்ந்து 1948-இல் வெளிவந்த பிராபிட் ஆய்வும் ஹைம்பெக்கின் பக்கமே சாய்ந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டில் பி.சி.ஜி. முதன்முதலாகச் செவிலியர்க்கும் நோயாளியோடு நெருங்கிப் பழகுவோர்க்கும் அளிக்கப்பட்டது. வார்டுக்குள் நுழையுமுன் சோதனை, தேவையானால் ஊசி என்ற ஒழுங்கு செவிலியர் மாணவியரை முன்னிட்டே இவ்வாறு உருவாயிற்று.

நம் நாட்டிலும் பி.சி.ஜி. மருந்தின் கதை 1948-இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் சென்னைக் கிண்டியில் அம்மருந்தைச் செய்யும் கூடம் அமைந்தது. அம்மைப்பால் செய்து புகழ்பெற்ற கிங் நிலையமும் அதே கிண்டியில் உள்ளது. நாடெங்கும் இயக்கம் பரவிக்கொண்டிருந்தபோது, 1955-இல் இராஜாஜி பி.சி.ஜி. மருந்தை வெளிப்படையாக எதிர்த்தார். அதன் பயனும் பாதுகாப்பும் ஐயத்திற்கு இடமானவை என்பது அவர் வாதம். அரசினர் அவருக்கு மறுமொழி கூறினர், இயக்கம் தொடர்ந்தது. பின்னர் 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் உலகம் வியக்கும் அளவில் பேராய்வு ஒன்று தொடங்கியது. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் பங்கு கொண்டனர். 1979-80-இல் வந்த முடிவும், பதினைந்து ஆண்டுக் கண்காணிப்புக்குப்பின் 1999-இல் வந்த முடிவும் ஒன்றையே கூறின. வயது வந்தோரின் நுரையீரல் காசத்தை அங்கே பி.சி.ஜி. தடுக்கவில்லை. சிசுக்களுக்கு வரும் கொடிய மூளைக்காய்ச்சல் வகைக் காசத்தினின்று அது காக்கிறது. ஆதலால் பிறந்தவுடன் போடும் வழக்கம் நீடிக்கிறது.

ஆஸ்லோவில் காத்த மருந்து செங்கற்பட்டில் ஏன் காக்கவில்லை? காசத்திற்கு உறவான வேறு கிருமிகள் வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் நிறைந்திருப்பது ஒரு காரணம் என்பர் அறிஞர். காரணம் எதுவாயினும் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. வார்டில் நுழையும் நம் மாணவி, தோளில் உள்ள பழைய பி.சி.ஜி. தழும்பை மட்டும் நம்பி நிற்றலாகாது. காற்றோட்டமான வார்டு, நோயாளியின் வாய்க்கும் தன் மூக்குக்கும் தக்க மறைப்பு, ஆண்டுதோறும் உடற்சோதனை ஆகியவையே அவளுக்குக் காப்பு. விதி அறிவோடு சேர்ந்து மாற வேண்டும். மாறாத விதி வெறுஞ் சடங்காகிவிடும்.

இன்றைய தாளில் முதலிடம் பெறும் ஹெபடைடிஸ்-பி, இரத்தத்தின் வழியாகப் பரவுவது. 1969-70-இல் எடின்பரோ நகர மருத்துவமனையில், சிறுநீரகம் செயலிழந்தோரின் இரத்தத்தைத் தூய்மை செய்யும் பிரிவில் இந்நோய் புகுந்து, நோயாளிகளோடு பணியாளர் சிலரின் உயிரையும் கொண்டு சென்றது. நோயாளிக்குக் குத்திய ஊசி தவறிச் செவிலியின் விரலில் குத்துவது மருத்துவமனைகளில் அன்றாடம் நேரும் விபத்து. அவ்வாறு குத்தினால், தடுப்பூசி இல்லாதவர்க்கு எய்ட்ஸ் கிருமி தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவே. ஹெபடைடிஸ்-பி கிருமி மிகுந்த இரத்தமானால் அவ்வாய்ப்பு நூற்றில் முப்பது வரை உயரும். ஆயினும் மக்கள் அஞ்சுவது முன்னதையே. தடுப்பூசி உள்ளதோ பின்னதற்குத்தான்.

1981-இல் அமெரிக்காவில் இந்நோய்க்குத் தடுப்பூசி உரிமம் பெற்றது. தொடக்கத்தில் அதன் விலை எளியோர் கைக்கு எட்டாததாயிருந்தது. பணியாளர்க்கு இதனை இலவசமாக அளித்தல் முதலாளியின் கடமை என்று 1991-இல் அந்நாட்டில் விதி வகுத்தனர். அந்த விதியில் ஓர் இடைவெளி இருந்தது. அது ஊதியம் பெறும் பணியாளருக்கே உரியது. ஊதியமின்றிப் பயிற்சிக்கு வரும் மாணவி பணியாளரும் அல்லள், நோயாளியும் அல்லள். இரு கரைக்கும் நடுவே நின்றாள். ஊசியோ அவள் விரலையும் அதேபோல் குத்தும். மாணவியிடம் தடுப்பூசிச் சான்று கேட்கும் வழக்கம் வலுப்பெற்றதற்கும், அதன் செலவு பல இடங்களில் அவள் தலையிலேயே விழுந்ததற்கும் இவ்விடைவெளியும் ஒரு காரணம்.

நம் நாட்டில் இவ்வூசியை எளியோரும் பெறச் செய்தது ஐதராபாத்தின் முயற்சி. அங்கே சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997-இல் உள்நாட்டிலேயே செய்து விற்றபோது, இறக்குமதி ஊசியின் விலையில் சிறு பங்கே அதற்கு ஆயிற்று. பிறகு அரசினர் 2002 முதல் சில இடங்களிலும், 2011 முதல் நாடு முழுவதிலும் குழந்தைகளின் தடுப்பூசித் திட்டத்தில் இதனைச் சேர்த்தனர். அதற்கு முன் பிறந்தவர்களுள் பலருக்கு இவ்வூசி கிட்டவில்லை. ஆகவேதான் செவிலியர் கல்லூரியில் புதிதாக மூன்று ஊசி போட வேண்டியிருக்கிறது. முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம் என்பது அதன் முறை. மூன்றாம் ஊசிக்குப்பின் ஒன்று இரண்டு மாதத்தில் இரத்தத்தைச் சோதித்து, எதிர்ப்பாற்றல் ஏற்பட்டதா என்று காண்பது நல்லது. ஊசி போட்டும் ஆற்றல் உண்டாகாதவர் சிலர் இருப்பர்.

இதுவரை கூறியது நோயாளியிடமிருந்து செவிலியைக் காத்தல். இதற்கு மறுபக்கமும் உண்டு. 1941-இல் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா என்னும் சிறு காய்ச்சல் வந்தால், பிறக்கும் சிசுவின் கண்ணில் புரை விழுகிறது என்று கண்டு கூறினார். சிசுவின் செவியும் இதயமும் பழுதாகும் என்பதும் பின்பு தெளிந்தது. இந்நோய் கண்ட செவிலி இரண்டு நாள் உடம்பு வலி என்று எண்ணி மறந்துவிடக்கூடும். அவள் தொட்டுப் பார்த்த கர்ப்பிணியின் குழந்தைக்கோ அது வாழ்நாள் இருள். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு, கருநாடகம் முதலிய பகுதிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் தொடங்கிப் பதினைந்து வயதுக்குட்பட்டோர்க்கு அளிக்கப்பட்டது. அவ்வியக்கத்தில் விடுபட்டவர் யார் என்று அறிவதற்கே கல்லூரித் தாள் அக்கேள்வியைக் கேட்கிறது.

சின்னம்மையைப் பற்றியும் ஒரு சொல். குளிர் நாடுகளில் குழந்தைப் பருவத்திலேயே அது வந்து போய்விடும். நம்போன்ற வெப்ப நாடுகளில் பலர் அதனைக் காணாமலே வளர்ந்துவிடுகின்றனர். நகரத்தாரைவிடக் கிராமத்து இளைஞரிடையே இது மிகுதி என்று மேற்கு வங்காளத்தில் நடந்து 1998-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. வயது வந்தபின் சின்னம்மை வந்தால் அதன் கடுமை அதிகம். ஆகவே, தென்கோடிக் கிராமத்திலிருந்து தில்லிக்கு வந்து வார்டில் நுழையும் பெண், ஆஸ்லோவுக்கு வந்த நார்வே நாட்டுப் பெண்ணின் நிலையிலேயே இருக்கிறாள். தூய காற்றில் வளர்ந்த உடல் என்பதே அவளுக்கு அபாயம். நல்ல உடம்பைச் சோதிப்பானேன் என்ற பெரியவர் கேள்விக்கு வரலாறு தரும் விடை இதுவே. நல்ல உடம்பு என்பதனால்தான் சோதிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு மருத்துவமனையின் சுவருக்குள் நோய் எவ்வாறு ஓடும் என்பதை 1970-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜெர்மனியின் மெஷெடே நகரம் கண்டது. பாகிஸ்தானிலிருந்து திரும்பிய ஒருவர் அங்கே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்குப் பெரியம்மை என்று தெரியவருமுன்பே கிருமி காற்றோடு மேல் மாடிகளுக்கும் சென்றுவிட்டது. மொத்தம் இருபது பேர் நோயுற்றனர், நால்வர் இறந்தனர். இறந்தவருள் ஒருத்தி பதினேழு வயதே ஆன செவிலியர் பயிற்சி மாணவி. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-ஆம் ஆண்டு மே மாதத்தில் கண்டறியப்பட்டார். 1980-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் உலகமே அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. முழங்கைக்கு மேல் வட்டத் தழும்பு உள்ள நம் முதியோரைத் தவிர, அதன் அடையாளம் இன்று நம்மிடம் இல்லை. அத்தழும்பே அன்று அவர்களுடைய சான்றுத் தாள்.

ஊசி உள்ள நோய்களையே இவ்வளவு நேரம் பேசினோம். ஊசியே இல்லாத நோயும் உண்டு. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் கோழிக்கோட்டுப் பக்கத்துப் பேராம்பிரையில் நிபா காய்ச்சல் கண்ட நோயாளியைப் பேணிய லினி என்ற செவிலி, அந்நோயாலேயே உயிர் துறந்தார். கோவிட் தொற்று பரவிய 2020-ஆம் ஆண்டு முழுவதும் செவிலியர் தடுப்பூசியின்றியே வார்டில் நின்றனர். 2021-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் நாட்டில் ஊசி போடத் தொடங்கியபோது, முதல் வரிசை மருத்துவப் பணியாளர்க்கு அளிக்கப்பட்டது. செவிலியர் மாணவரும் அவ்வரிசையில் இடம் பெற்றனர். சாவித்திரிபாய் அம்மையாரின் காலத்திலிருந்து நாம் நடந்து வந்த தொலைவுக்கு அவ்வரிசையே அளவுகோல்.

இந்நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், அத்தாளில் இரண்டு கடன்கள் எழுதப்பட்டிருப்பது தெரியும். ஒன்று மாணவி நோயாளிக்குச் செலுத்துவது: தன்னிடமிருந்து அவர்க்கு நோய் செல்லாமல் காத்தல். மற்றொன்று நிறுவனம் மாணவிக்குச் செலுத்துவது: தன் வார்டிலிருந்து அவளுக்கு நோய் வாராமல் காத்தல். முதற்கடனைக் கேட்டு வாங்குவதில் எந்த நிறுவனமும் தவறுவதில்லை. இரண்டாவதைத்தான் அடிக்கடி மறந்துவிடுகின்றனர். இந்தியச் செவிலியர் மன்றத்தின் நெறிமுறைகள் இவ்வகையில் தெளிவானவை. ஆண்டுதோறும் உடற்சோதனை, டெட்டனஸ், ஹெபடைடிஸ்-பி முதலியவற்றுக்குத் தடுப்பூசி, நோயுற்றால் இலவச மருத்துவம் அல்லது காப்பீடு, ஒவ்வொரு மாணவருக்கும் தனி உடல்நலப் பதிவேடு ஆகியவற்றைக் கல்லூரி மாணவர்க்குச் செய்து தர வேண்டிய வசதிகளாகவே அவை கூறுகின்றன. ஆகவே சான்று எங்கே என்று கேட்கும் கல்லூரியிடம், ஊசிக்கு ஏற்பாடு என்ன என்று பணிவோடு கேட்பதற்கு மாணவர்க்கும் பெற்றோர்க்கும் உரிமை உண்டு.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் செய்யத் தக்கவை சில உள. பிள்ளை செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதே பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தல் வேண்டும். ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு இருக்கக்கூடும். ஹெபடைடிஸ்-பி ஊசிக்கு ஆறு மாதம் ஆகும் ஆதலால், கல்லூரி திறக்கும் நாளை எதிர்பார்த்திராமல் தொடங்கிவிடுதல் நலம். அட்டை தமிழில் எழுதப்பட்டிருந்தால், அங்குள்ள மருத்துவரிடம் காட்டி அவ்விடத்தில் செல்லும்படி எழுதி வாங்கிக்கொள்ளலாம். பயிற்சியின்போது ஊசி தவறி விரலில் குத்தினால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் பிள்ளைக்கு வற்புறுத்திக் கூற வேண்டும். ஏச்சுக்கு அஞ்சி மறைத்த சிறு காயம் பின்னாளில் பெருநோயாக முடிவதுண்டு.

காய்ச்சலோடு கிடக்கும் முன்பின் தெரியாத ஒருவரின் நெற்றியில் கை வைப்பதற்காகவே நம் பெண்களும் பிள்ளைகளும் இவ்வளவு தொலைவு வந்து படிக்கின்றனர். அந்தக் கைக்குக் காவல் செய்து அனுப்புவது வீட்டின் பொறுப்பு, நாட்டின் பொறுப்பு, எல்லாவற்றிற்கும் மேலாக அக்கையை வேலை வாங்கும் மருத்துவமனையின் பொறுப்பு.